விளிம்புக்கு மேலே

நவம்பரில் வாரமும் கடனும் தீர்க்கிற சான் மார்த்தேன் நாளன்று விடிந்ததும் பிலிபெர்த் தன் கோதுமைப் பெட்டியைக் கவிழ்த்து, அடியில் தங்கியிருந்த உமியையும் எலிப்புழுக்கையையும் பெருக்கித் தள்ளிவிட்டு, மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். வருஷத்தில் அந்த ஒரு நாள் அவள் ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டாள். மகன் லாஸார் முற்றத்தைத் தாண்டி வந்து பன்னிரண்டு பிஷே கோதுமையை அளந்து கொட்டுவான். அவள் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள்.

பிஷே என்பது பிரான்சின் அந்த மோர்வான் மலைச்சரிவில் எல்லோரும் தானியம் அளந்த மரப்பாத்திரம். புருஷன் தூசேன் செத்து, லாஸாருக்குக் கல்யாணமும் ஆனபின், நிலம், தொழுவம், பெரிய வீடு எல்லாவற்றையும் மகன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அவள் ரொட்டி அடுப்பை ஒட்டிய சின்ன அறைக்கு வந்துவிட்டாள். பதிலுக்கு வருஷா வருஷம் பன்னிரண்டு பிஷே கோதுமை, அரைப் பன்றி உப்புக்கண்டம், அக்ரூட் எண்ணெய், விறகு. அந்தப் பக்கத்தில் பெற்றவர்கள் எல்லோரும் செய்துகொள்ளும் ஏற்பாடுதான்.

பன்னிரண்டு பிஷேயும் குவித்து அளந்தால் மாவு அடுத்த அறுவடை வரை தாங்கும். தலைதட்டி அளந்தால் தாங்காது, மே மாதத்தோடு பெட்டி காலி. அதற்குப் பிறகு கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு மகன் வீட்டு மேசைக்குத்தான் போக வேண்டும். தன் தாய் கடைசிக் காலத்தில் மூத்த மகன் வீட்டு மேசைக் கோடியில் உட்கார்ந்து, யாரும் ஊற்றுவதற்கு முன்பே "போதும், போதும்" என்று கிண்ணத்தின்மேல் கையை வைத்து மறைத்ததை பிலிபெர்த் பார்த்திருக்கிறாள். சாவைப் பற்றி அவளுக்குப் பயம் ஒன்றும் கிடையாது. அந்தக் "போதும்" தன் வாயிலிருந்து வந்துவிடக் கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே பயம்.

ஊரில் அவளுக்கு முழங்கைக்காரி என்று பேர். அந்தப் பேரை அவள் சம்பாதித்த விதத்தைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை நிற்காது.

அரசர் இருந்த காலத்தில் பிரபுவின் களஞ்சியத்தில் குடிகளின் வாரக் கோதுமையை அளந்தவன் விவான் என்பவன். கை நீளமான ஆள். கோதுமையைத் தோள் உயரத்திலிருந்து கொட்டுவான், விழுகிற வேகத்தில் மணிகள் இறுகிக்கொள்ளும். பிறகு விளிம்புக்கு மேலே குவிப்பான். மணி சரிந்து தரையில் விழத் தொடங்கும்வரை குவிப்பான், விழுந்ததும் களஞ்சியத்துக்கே சொந்தம். ஐந்து பிஷே கொடுக்கப் போனால் ஆறாவது பிஷே அந்தக் குவியல்களிலேயே போய்விடும். அதே பிரபு பஞ்ச காலத்தில் தானியத்தை விற்கும்போது மட்டும் விவான் கையில் தலைதட்டும் கட்டை முளைத்துவிடும், தலைதட்டித்தான் அளப்பான். எல்லோருக்கும் வயிறு எரிந்தது, யாரும் வாயைத் திறக்கவில்லை. ஒரு வருஷம் பிலிபெர்த் முன்னால் போய், விவான் குவித்து முடித்த பிஷேயின்மேல் தன் முழங்கையை வைத்து ஒரே இழுப்பாக இழுத்து, குவியல் அத்தனையையும் தன் சாக்கிலேயே தள்ளினாள்.

"விளிம்புக்கு மேல இருக்கறது திருட்டு. இதான் என் பிஷே. இதை எடுத்துக்க" என்றாள்.

பிரபுவின் காரியஸ்தர் ஆளைக் கூப்பிட்டு அவளைப் பிடித்துத் தள்ளினார், கோதுமையையும் பிடுங்கிக்கொண்டார். ஆனால் சொன்ன சொல்லைப் பிடுங்க முடியவில்லை. அடுத்த வருஷம், அரசரிடம் குறை சொல்ல ஊர் ஊராகக் கூட்டம் போட்டபோது, சர்ச்சுக்குள் ஆண்கள் நடுவில் தூசேன் எழுந்து நின்று மனைவி சொன்னதை அப்படியே சொன்னான். அவன் வாழ்நாளில் நாலு பேர் முன்னால் பேசியது அந்த ஒரு தடவைதான். குறைகளை எழுதியவர் அதைச் சீவிச் சிங்காரித்து, நாடு முழுவதும் ஒரே அளவு வேண்டும் என்று எழுதிக்கொண்டார். பெண்கள் பக்கம் நின்றிருந்த பிலிபெர்த் அழுதாள். அரசர் தலை போயிற்று, பிரபு ஓடிப் போனார், ஆனால் ஒரே அளவு வந்து சேரத்தான் பன்னிரண்டு வருஷம் பிடித்தது.

அது வந்த வருஷத்தின் சான் மார்த்தேன் நாள்தான் இது.

லாஸார் சாக்குகளோடு வந்தான், பின்னால் அவன் மனைவி ரேனும் அவர்களுடைய இரண்டு குழந்தைகளும். அவன் கையில் பிஷே இல்லை. பளபளவென்று இழைத்த, இரும்புப் பட்டை போட்ட உருளை ஒன்று இருந்தது.

"இது என்னடா?"

"டெக்காலிட்டர்மா. பத்து லிட்டர் புடிக்கும். சர்க்கார் முத்திரை போட்டிருக்கு பாரு."

"ஓ, பாரிஸ் வாளியா."

"நீயுமா அப்படிச் சொல்றே? ஊர்ல சொல்லிச் சிரிக்கறாங்க. சிரிச்சிட்டுப் போகட்டும்." அவன் ஊர் மேயருக்கு அடுத்த பொறுப்பில் இருந்தான். வாளியைக் கீழே வைத்த விதத்திலேயே அது தெரிந்தது. "சர்க்காரோட புது காலண்டர்ல இன்னிக்கு பிரூமேர் இருபது. இந்த வருஷம் பொறந்ததிலேருந்து பழைய அளவு செல்லாது. நானே பிஷேல அளந்தா நாளைக்கு எவன் என்னை மதிப்பான்?"

"சான் மார்த்தேன் நாள்னு சொல்லு. உன் பிரூமேரை ஆபீசோட வச்சுக்க. ம், அள."

அவன் அளந்தான். தாழ்வாகப் பிடித்து, மெதுவாகச் சரித்து ஊற்றினான். நிறைந்ததும் ரேன் இடுப்பில் செருகியிருந்த கட்டையை வாங்கி விளிம்போடு விளிம்பாக இழுத்தான். மேலே இருந்த மணிகள் அவன் சாக்குக்கே திரும்பிப் போயின. இரண்டாவது வாளி. மறுபடியும் கட்டை. அந்தக் கட்டை மரத்தில் உரசிய சத்தம் பிலிபெர்த்தின் பல்லைக் கூச வைத்தது.

"குவியல் எங்கடா?"

"குவியல் கிடையாதும்மா. ஒரு பிஷேக்கு எத்தனை லிட்டர்னு சந்தை மண்டபக் கதவுல ஒட்டியிருக்கு. அதைப் பன்னிரண்டால பெருக்கிக்கிட்டேன். உனக்கு ஒரு மணி குறையாது."

"கதவுல இருக்கறது தலைதட்டின பிஷேயா, குவிச்சதா?"

"தலைதட்டினதுதான். பத்திரத்துல வெறும் பிஷேன்னுதானே இருக்கு?"

அவளுக்குப் பத்திரம் எழுதிய நோட்டரியின் மூக்குக் கண்ணாடி ஞாபகம் வந்தது. அந்தப் பக்கத்துப் பத்திரங்களில் பிஷே என்று எழுதினால் அடுத்த வார்த்தை குவித்தா, தலைதட்டியா என்பதுதான். நோட்டரியும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார். கூடியிருந்தவர்கள் முன்னால் அவள்தான் சிரித்தாள். "என்ன ஐயா கேள்வி இது? என் வயித்துல பொறந்தவன் சந்தை வியாபாரியா, எனக்குத் தலைதட்டிப் போட? அதையெல்லாம் எழுதாதீங்க, அசிங்கம்" என்றாள். பெற்றவர்களுக்குப் போகிற பிஷே குவிந்துதான் போகும், அதை எழுத வைப்பது பிள்ளையைச் சந்தேகப்படுவது. அப்படித்தான் அவள் நினைத்தாள். நாலு வருஷமாக லாஸாரும் கேட்காமலே குவித்துத்தான் போட்டுக்கொண்டிருந்தான்.

"நீயா எனக்குத் தலைதட்டறே?"

"எனக்குக் கத்துக் குடுத்ததே நீதானேம்மா" என்றான் அவன். குரலில் கிண்டல் இல்லை. "முழங்கைக்காரி மகன்னுதான் என்னை ஆபீசுல உட்கார வச்சிருக்காங்க. விளிம்புக்கு மேல எவனும் குடுக்கக் கூடாது, எவனும் வாங்கக் கூடாது. உனக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா?"

அவன் பொய்க்காரன் இல்லை, கஞ்சனும் இல்லை. அந்த வருஷம் ஆலங்கட்டி விழுந்து கதிரில் பாதி போயிருந்தது. பன்னிரண்டு குவியலும் மிஞ்சினால் விதைக்கு ஆகும் என்று அவன் மனசில் ஒரு மூலையில் ஓடியிருக்கும். ஆனாலும் அவன் நியாயம் செய்வதாகத்தான் நம்பினான். திருட்டுப் பயலாக இருந்திருந்தால் பிலிபெர்த் நாலு அறை விட்டுக் குவியலை வாங்கியிருப்பாள். நியாயவானை என்ன செய்வது? ரேன் மட்டும் சாக்கின் வாயைப் பிடித்தபடி தலையைத் தூக்கவே இல்லை.

சந்தை ஊரில் அமைதி நீதிபதி என்று ஒருவர் இருந்தார். சின்ன வழக்குகளுக்கு வக்கீல் வேண்டாம், நேரே போய் நின்று சொன்னால் போதும். பத்திரத்தில் இல்லாததற்கு ஊர் வழக்கத்தைக் கேட்டுத் தீர்ப்பு சொல்வார் என்று பேர். வழக்கத்தைச் சொல்ல ஊரிலேயே தகுதியான ஆள் ஒருத்தன்தான், விவான். இப்போது கிழவனாகிச் சந்தை மண்டபத்தில் அளந்துகொண்டிருந்தான். அவன் வீட்டு வாசலில் போய் நிற்பதைவிட முள்ளில் உட்காரலாம் என்று தோன்றியது பிலிபெர்த்துக்கு. இருந்தும் போனாள்.

"அட, முழங்கை தானா நடந்து வந்திருக்கு" என்றான் விவான். "உள்ள வா. என் பிஷே எல்லாத்தையும் வாங்கிட்டுப் போய் விறகாக்கிட்டாங்க. உடைக்கறதுக்கு ஒண்ணும் மிச்சமில்லை."

"பெத்தவங்களுக்குக் குவிச்சுப் போடறதுதானே வழக்கம்?"

"அதுதான் வழக்கம். உனக்குத் தெரியாதா?"

"அதை நீதிபதிகிட்ட சொல்லணும்."

விவான் அவளை ரொம்ப நேரம் பார்த்தான். அனுபவித்துப் பார்த்தான் என்றுதான் சொல்ல வேண்டும். "கேட்டா உண்மையைச் சொல்றேன். முழு உண்மையையும் சொல்றேன். போ" என்றான்.

நீதிபதியின் அறை பழைய மடத்தின் சமையலறை. அவளுக்கு முன்னால் இன்னொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. மடத்து நிலங்களையெல்லாம் ஏலத்தில் வாங்கிப் போட்ட ஷோஸார் என்ற பணக்காரரும் அவருடைய குத்தகைக்காரனும் நின்றார்கள். குவியல் ஒழிந்துவிட்டது, ஆகவே தலைதட்டின கணக்குக்குத்தான் கோதுமை தருவேன் என்றான் குத்தகைக்காரன். அதைக் கேட்டு பிலிபெர்த் பழக்க தோஷத்தில் தலையை ஆட்டினாள். பிறகுதான் தான் எந்தப் பக்கம் நிற்க வந்தோம் என்று உறைத்து, ஆட்டின தலையை நிறுத்தினாள்.

நீதிபதி ஷோஸாரின் பத்திரத்தை வாங்கிப் பார்த்தார். "இதில் குவித்த பிஷே என்று எழுதியிருக்கு. குவியலோடு சேர்த்து எத்தனை லிட்டரோ அத்தனை லிட்டர் கொடுக்கணும். சட்டம் ஒழித்தது குவியலைத்தான், குவியலில் இருந்த கோதுமையை இல்லை."

குத்தகைக்காரன் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியேறினான். பிலிபெர்த்துக்கு நம்பிக்கை வந்தது. அந்த நம்பிக்கை வந்ததற்காகத் தன்மேலேயே அருவருப்பும் வந்தது. ஒரு மனுஷன் தோற்றதில் அவள் மனசு குளிர்ந்தது அதுதான் முதல் தடவை.

அவள் முறை வந்தது. லாஸார் சுருக்கமாகச் சொன்னான். அவளும் சொன்னாள். நீதிபதி பத்திரத்தைப் புரட்டினார்.

"பிஷே என்றுதான் இருக்கு. குவித்து என்று ஏன் எழுதலை?"

"பெத்த பிள்ளைகிட்ட அதை எழுதி வாங்கணுமா ஐயா?"

"எழுதினவங்களுக்குத்தான் இப்ப கொடுத்தேன், குடிமகளே. பார்த்தீங்க இல்லையா?"

பார்த்தாள். ஷோஸார் வாசலில் நின்று கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். யாரையும் நம்பாத மனுஷன், தன் குவியலை ஒரு மணி சிந்தாமல் லிட்டராக மாற்றிக்கொண்டு போகிறார். நம்பினவளுக்குத்தான் கட்டை.

நீதிபதி விவானைக் கூப்பிட்டார். "பெற்றவர்களுக்கு அளக்கிற பிஷே எப்படி அளப்பது வழக்கம்?"

"குவிச்சுத்தான் ஐயா. என் தாத்தன் காலத்திலேருந்து அதுதான் வழக்கம்" என்றான் விவான். பிலிபெர்த்துக்கு மூச்சு வந்தது. "அந்த வழக்கத்தை எங்க ஊர்ல ஒரு பொம்பளை ஒழிச்சா. விளிம்புக்கு மேல இருக்கறது திருட்டுன்னு என் பிஷேல முழங்கையைப் போட்டா. அதையே அவ புருஷன் சர்ச்சுல சொன்னான், ஊரே கைதூக்கிச்சு, எழுதி அரசருக்கும் அனுப்பிட்டாங்க. அந்தப் பொம்பளை இங்கதான் நிக்கறா. அவளையே கேளுங்க."

அறையில் சிரிப்பு எழுந்தது. நீதிபதி சிரிக்கவில்லை. "சொன்னீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பதின்மூன்று வருஷத்துக்கு முந்தின பேச்சு, களஞ்சியமே இடிந்து போச்சு. ஆனால் இல்லை என்றால் தூசேன் அன்றைக்கு எழுந்து நின்றது பொய்யாகிவிடும். அவன் வாயே திறக்காதவனாகச் செத்ததாகிவிடும். அவளிடம் மிச்சம் இருந்தது அந்த ஒன்றுதான். எதிரில் மகன் நின்று பெருமையோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். உண்மையான பெருமை.

"சொன்னேன்" என்றாள். "இப்பவும் சொல்றேன். அவன் எங்கிட்ட புடுங்கினது திருட்டு. பிள்ளை தாய்க்கு வைக்கறது வேற."

"சட்டத்துக்கு இரண்டும் ஒரே குவியல்தான்" என்றார் நீதிபதி. இரக்கமாகத்தான் சொன்னார். "நீங்கள் கேட்ட சட்டம்தான், குடிமகளே."

திரும்பும்போது வண்டியில் லாஸார் பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தான். "மனசுல வச்சுக்காதேம்மா. மே மாசத்துல மாவு தீர்ந்தா எங்க மேசை இல்லையா? உன்னைப் பட்டினி போட்டுடுவேனா?"

அவள் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி நடந்தாள். அவன் கொஞ்ச தூரம் மாட்டை மெதுவாக ஓட்டிப் பார்த்தான், பிறகு போய்விட்டான்.

குளிர் இறங்கிய பிறகு ஒரு நாள், லாஸார் ஊர் ஆபீசுக்குப் போயிருந்த நேரம் பார்த்து ரேன் முற்றத்தைத் தாண்டி வந்தாள். இடுப்பில் கட்டியிருந்த முன்துணியை இரண்டு கையாலும் மடித்துப் பிடித்திருந்தாள். அதில் கோதுமை.

"அத்தை, பெட்டியைத் திறங்க. அவருக்குத் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாக் கொண்டாந்து போட்டுடறேன்."

"அவனுக்குத் தெரிஞ்சு குடுத்தா அது குவியல். தெரியாம குடுத்தா திருட்டு. எனக்காக நீ ஒண்ணும் திருட வேண்டாம்."

"உங்க ரோஷத்தைப் பிசைஞ்சா ரொட்டி சுடப் போறீங்க?"

"சுட முடியாதுதான்."

"முடியாதுன்னு தெரியுது இல்ல? அப்புறம் என்ன?" ரேன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கோபத் தண்ணீர். "நானும் ஒரு நாள் இந்த அறைக்குத்தான் வரணும் அத்தை. எனக்கு அளக்கறதும் அந்த வாளிதான். நான் பெத்த ரெண்டும் அன்னிக்கு சாக்குக்குப் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டுதான் இருந்துச்சு."

பிலிபெர்த் அவளை நிமிர்ந்து பார்த்தாள். இந்தப் பெண்ணை நாலு வருஷமாக உப்பு அதிகம் போடுகிறவள் என்பதற்கு மேல் அவள் நினைத்ததே இல்லை. "அப்போ உன் பத்திரத்துல குவிச்சுன்னு எழுதச் சொல்லு. வெக்கப்படாம எழுதச் சொல்லு" என்றாள். பெட்டியைத் திறக்கவில்லை. ரேன் கொண்டுவந்ததைத் தூக்கிக்கொண்டே திரும்பிப் போனாள்.

கோதுமை மாவில் கஷ்கொட்டை மாவைக் கலந்தாள் பிலிபெர்த். பிறகு கஷ்கொட்டை மாவில் கோதுமையைக் கலந்தாள். ரொட்டியை மெல்லிசாக வெட்டினாள், ஒரு வேளையை விட்டாள், அடுத்த வேளையையும் சில நாள் விட்டாள். குளிர்காலம் முழுக்கப் பெட்டிக்குள் கை விட்டுப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. ஒரு நாள் விரல் நுனியில் பலகை தட்டுப்பட்டது. மே மாதத்தை எப்படியோ தாண்டியிருந்தாள், வெளியே ஆப்பிள் மரங்களில் பிஞ்சு பிடித்திருந்தது, அறுவடைக்கு இன்னும் எத்தனையோ நாள் கிடந்தது. உப்புக்கண்டமும் முன்பே தீர்ந்திருந்தது, இரண்டு நாள் வெறும் வெந்நீரில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் குடித்தாள். மூன்றாம் நாள் முற்றத்தில் வழுக்கி விழுந்ததை ரேன் பார்த்துவிட்டாள்.

மறுநாள் நண்பகலில் பிலிபெர்த் தன் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு பெரிய வீட்டுக்குள் போனாள். அவள் பிள்ளை பெற்று வளர்த்த வீடு, தூசேன் செத்த வீடு. மேசையின் நடு இடத்தை லாஸார் அவளுக்காகக் காலி செய்தான். அவள் கோடியில் போய் உட்கார்ந்தாள். பிள்ளைகள் இரண்டும் ஸ்பூனை வாயில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தன.

"நல்லா நிறைய ஊத்து. அம்மாவுக்குக் கொழுப்புத் துண்டையும் போடு" என்றான் லாஸார். அவனுக்கு மனசு நிறைந்திருந்தது. சட்டத்தில் ஒரு மணி பிசகாமல், தாயையும் பட்டினி போடாமல், இரண்டையும் சரியாகச் செய்துவிட்ட நிம்மதி அவன் முகத்தில் தெரிந்தது.

ரேன் முட்டைக்கோஸ் சூப்பை ஊற்றினாள். விளிம்பைத் தொட்ட பிறகும் அகப்பையை நிமிர்த்தவில்லை. இறைச்சித் துண்டும் கோசும் மேலே குவியத் தொடங்கின.

பிலிபெர்த்தின் கை தானாக எழுந்து கிண்ணத்தின்மேல் போய் நின்றது. சூடான சூப் அவள் விரலில் வழிந்தது.

"போதும்" என்றாள். "விளிம்பு வரைக்கும் போதும்."